கடவுள் பெயரை வீணாக வழங்குவது: சத்தியம், வசை, வாய்ப்பழக்கம் பற்றி மதங்கள் சொல்வது

எதற்கெடுத்தாலும் "ஓ மை காட்" என்பது, கோபம் வந்தால் கெட்ட வார்த்தை பேசுவது, "சாமி சத்தியமா" என்று ஆணையிடுவது ஆகிய மூன்றும் கடவுளின் பெயரை அவமதிக்கும் பாவங்கள்தானா, இதில் எல்லா மதங்களுக்கும் ஒரே கருத்துதானா என்பது கேள்வி. கேட்டவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். மூன்றும் ஒரே கட்டளைக்குள் அடங்கும் என்று ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள் என்றும், இந்து, முஸ்லிம் நண்பர்களின் வீடுகளில் அத்தகைய கண்டிப்பைத் தாம் பார்த்ததில்லை என்றும் சொல்கிறார். அவருடைய ஐயம் நியாயமானது. இந்த மூன்றும் வேறு வேறு சரக்குகள். ஒவ்வொன்றையும் மதங்கள் வேறு வேறு எடையில் நிறுத்திருக்கின்றன. என் வாசிப்பில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது: கடவுளைச் சாட்சிக்கு அழைத்துவிட்டுப் பொய் சொல்வதைத்தான் பெரும்பாலான மரபுகள் மிகக் கடுமையாகப் பார்த்திருக்கின்றன. வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கு அவை அந்த அளவுக்கு அஞ்சவில்லை.

முதலில் அந்தக் கட்டளையை எடுத்துக்கொள்வோம். "உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக, கர்த்தர் தம்முடைய நாமத்தை வீணிலே வழங்குகிறவனைத் தண்டியாமல் விடார்" என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம் 20:7. தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகள் இதை மூன்றாம் கட்டளை என்று ஒப்பிப்பார்கள். கத்தோலிக்க, லுத்தரன் பிள்ளைகளுக்கு இதுவே இரண்டாம் கட்டளை. வாசகத்தில் வேறுபாடு கிடையாது, எண்ணும் முறைதான் வேறு. பத்துக் கட்டளைகளில் கொலைக்கும் களவுக்கும் விபசாரத்துக்கும் கூட "தண்டியாமல் விடார்" என்ற எச்சரிக்கை சேர்க்கப்படவில்லை, இதற்குச் சேர்க்கப்பட்டிருக்கிறது. சலிப்பில் "கடவுளே" என்று முனகுவதற்காகவா இவ்வளவு பெரிய எச்சரிக்கை என்று யாருக்கும் தோன்றும். யூத அறிஞர்கள் இதைப் பெரும்பாலும் ஆணையிடுதலைப் பற்றிய கட்டளையாகவே வாசித்தார்கள். லேவியராகமம் 19:12 இதற்குத் துணை நிற்கிறது: என் பெயரைக்கொண்டு பொய்யாணையிட்டு உங்கள் கடவுளின் பெயரின் தூய்மையைக் கெடுக்காதீர்கள் என்பது அதன் பொருள். எழுத்து ஆவணம் அரிதாக இருந்த ஒரு சமுதாயத்தில் அடகு வைத்த ஆட்டுக்கும், ஒப்படைத்த பொருளுக்கும், எல்லைக்கல்லுக்கும் மனிதரின் வாய்ச்சொல்லே சான்று. அந்தச் சொல்லுக்குக் கடவுளின் பெயர் ஈடாக நின்றது. பொய்யாணை இடுபவர், கேட்காமலே இன்னொருவரின் கையெழுத்தைப் போட்டுக் கடன் வாங்குபவரைப் போன்றவர். அந்த இன்னொருவர் இங்கே கடவுள்.

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பில் ஆணைகளுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வீணான ஆணை எது என்பதற்கு அது காட்டும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை. கல் தூணைக் காட்டி அது பொன் தூண் என்று ஆணையிடுவது, ஆண் ஒருவரைக் காட்டி அவர் பெண் என்று ஆணையிடுவது, ஒட்டகம் வானத்தில் பறப்பதைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்வது ஆகியவை வீணானவை. ஊரறிந்த உண்மைக்கு மாறாக, அல்லது நடக்கவே முடியாத ஒன்றுக்காகக் கடவுளைச் சாட்சிக்கு இழுப்பது அவருடைய பெயரை மலிவாக்குகிறது என்பது அவர்களின் வாதம். சீனாய் மலையில் கடவுள் இந்தக் கட்டளையைச் சொன்னபோது உலகம் முழுவதும் நடுங்கியது என்று, மிஷ்னாவை விரித்துரைக்கும் யூத நூலான தல்மூத் கூறுகிறது. வழக்காடுபவரை ஆணையிடச் சொல்வதற்கு முன்னால் அவரை எச்சரிக்கும் உரையில்தான் இந்தச் செய்தி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடவுளின் பெயரை உச்சரிப்பது யூதர்களிடம் தனியொரு பொருளாகவே வளர்ந்தது. நான்கு எழுத்துக்களாலான அந்தப் பெயரை எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் பாவநிவாரண நாளில் தலைமைக் குரு வாய்விட்டுச் சொல்வார், முற்றத்தில் நிற்கும் மக்கள் மண்டியிட்டு முகங்குப்புற விழுவார்கள். கி.பி. 70இல் ஆலயம் அழிந்த பின் அந்த வழக்கமும் நின்றது. இன்று வழிபாட்டில் "ஆண்டவர்" என்று பொருள்படும் சொல்லையும், சாதாரணப் பேச்சில் "அந்தப் பெயர்" என்று பொருள்படும் சொல்லையும் கொண்டு சமாளிக்கிறார்கள். பெயர் எழுதப்பட்ட தாளைக் கூடக் குப்பையில் போடுவதில்லை. ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பின்னர் புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அப்படிச் சேர்ந்து கிடந்த தாள்களை 1896-97இல் சாலமன் ஷெக்டர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். வணிகக் கடிதம், திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம் என்று பல நூற்றாண்டு வாழ்க்கை அதற்குள் இருந்தது. அந்தக் குவியலில் இந்தியப் பெருங்கடல் வணிகம் பற்றிய கடிதங்களும் இருந்ததால் மலபார்க் கரையின் வரலாற்றை எழுதுவோரும் இன்று அவற்றைப் புரட்டுகிறார்கள்.

இந்தப் பயபக்தி நீதிமன்றத்தில் எப்படி நடந்துகொண்டது என்பதையும் மிஷ்னா விவரிக்கிறது. லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தின்படி கடவுளின் பெயரைப் பழித்தவருக்கு மரண தண்டனை. ஆனால் அந்தப் பெயரையே சொல்லிப் பழித்திருந்தால் ஒழிய அவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று சட்ட அறிஞர்கள் வரம்பு கட்டினார்கள். விசாரணை நடக்கும்போது சாட்சிகள் கேட்டதைக் கேட்டபடி சொல்லக் கூடாது. "யோசே யோசேயை அடிக்கட்டும்" என்று வேறொரு பெயரை வைத்தே சொல்ல வேண்டும். விசாரணை முடிந்ததும் பொதுமக்களை வெளியே அனுப்பிவிட்டு, மூத்த சாட்சியிடம் மட்டும் நீ கேட்டதை அப்படியே சொல் என்பார்கள். அவர் சொல்லும்போது நீதிபதிகள் எழுந்து நின்று தங்கள் ஆடையைக் கிழித்துக்கொள்வார்கள். அந்தக் கிழிசலைப் பின்னர் தைக்கவும் கூடாது. இரண்டாம் சாட்சி அந்த வார்த்தையை மீண்டும் சொல்வதில்லை, "நானும் இவரைப் போலவே கேட்டேன்" என்பதோடு சரி. இயேசுவின் விசாரணையில் தலைமைக் குரு தம் ஆடையைக் கிழித்தார் என்று மத்தேயு 26:65இல் வரும் காட்சியின் பின்னணி இந்த மரபுதான்.

இயேசு இந்தப் பொருளை வேறொரு பக்கம் கொண்டுபோனார். பொய்யாணை இடாதே என்பது பழைய விதி. சத்தியமே பண்ண வேண்டாம், வானத்தின் மேலும் பூமியின் மேலும் எருசலேமின் மேலும் உன் தலையின் மேலும் கூட வேண்டாம் என்பது மலைப்பொழிவில் அவர் சொன்னது. "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்; இதற்கு மிஞ்சினது தீமையினால் உண்டாயிருக்கும்" என்று அந்தப் பகுதி முடிகிறது. ஏன் இவ்வளவு தூரம் போகிறார் என்பது மத்தேயு 23ஆம் அதிகாரத்தைப் பார்த்தால் விளங்கும். ஆலயத்தின் மேல் சத்தியம் செய்தால் கட்டுப்படாது, ஆலயத்துப் பொன்னின் மேல் செய்தால்தான் கட்டுப்படும் என்று சொல்லித் தப்பிக்கும் சாமர்த்தியத்தை அங்கே அவர் சாடுகிறார். நம் ஊரிலும் "அம்மா மேல சத்தியம்" என்றால் நம்பலாம், வெறும் "சத்தியமா" என்றால் நம்பக் கூடாது என்று பள்ளிப் பிள்ளைகள் தரம் பிரிப்பதுண்டு. சத்தியத்தில் தரம் வந்துவிட்டால், சத்தியம் செய்யாத பேச்சு பொய்யாக இருக்கலாம் என்று அனுமதி கொடுத்ததாகிவிடும்.

திருச்சபைகள் இந்த வாசகத்தை ஒரே மாதிரி ஏற்கவில்லை. பவுலே தம் கடிதங்களில் தேவனைச் சாட்சியாக அழைக்கிறார் (ரோமர் 1:9, 2 கொரிந்தியர் 1:23). அதைக் கொண்டு கத்தோலிக்கரும் லுத்தரும் ஆங்கிலிக்கத் திருச்சபையும் தகுந்த காரணத்துக்காக, உண்மைக்காக, நீதிமன்றத்தில் ஆணையிடலாம் என்றார்கள். மெனோனைட்டுகள், குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டு மறுத்தார்கள். குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1664இல் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் சொன்னது இன்றும் படிக்கத்தக்கது. முத்தமிட்டு ஆணையிடுங்கள் என்று நீங்கள் என் கையில் தரும் இந்த நூலே ஆணையிடாதே என்கிறது. அதையே சொல்லும் என்னைச் சிறையில் அடைத்தீர்கள், நூலை ஏன் வெளியே விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். 1696இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் குவேக்கர்கள் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று சட்டம் இயற்றியது. இன்று பல நாடுகளின் நீதிமன்றங்களில் ஆணைக்கு மாற்றாக உள்ள உறுதிமொழியின் வேர்களில் ஒன்று இது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்குப் பயன்படும் இந்த வழியை முதலில் போராடிப் பெற்றவர்கள் மிகுந்த கடவுள் பக்தி உடையவர்கள்.

லுத்தரன் சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லுத்தர், சிறிய ஞானோபதேசம் என்னும் தம் சமயப் பாட நூலில் இக்கட்டளைக்குத் தரும் விளக்கம் கேள்வி கேட்டவருக்கு நேரடியாகப் பயன்படும். கடவுளின் பெயரால் சபிப்பது, ஆணையிடுவது, மந்திர வேலை செய்வது, பொய் சொல்வது, ஏமாற்றுவது ஆகியவற்றை விலக்கிவிட்டு, எந்த இக்கட்டிலும் அந்தப் பெயரைக் கூப்பிட வேண்டும், வேண்ட வேண்டும், துதிக்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும் என்கிறார். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் போதகர் சீகன்பால்கு தொடக்க காலத்திலேயே தமிழாக்கிய நூல்களில் இந்த ஞானோபதேசமும் ஒன்று. தமிழ் லுத்தரன் சபைகளில் தலைமுறை தலைமுறையாக இதை மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பெயரை எடுக்காமல் இருப்பதோடு கட்டளை நிறைவேறிவிடுவதில்லை, துன்பத்தில் எடுக்காமல் இருப்பதும் ஒரு குறைதான் என்பது இதிலுள்ள நுட்பம். கத்தோலிக்க மரபில் பழிப்புக்கு ஈடு செய்யும் வேண்டுதலே தனியாக உருவானது. நற்கருணை ஆசீருக்குப் பின் சொல்லப்படும் இறைபுகழ் மாலை, தெய்வநிந்தைக்குப் பரிகாரமாக 1797இல் உரோமையில் லூயிஜி ஃபெலிச்சி என்ற இயேசு சபைக் குரு தொகுத்ததில் இருந்து வளர்ந்தது.

இஸ்லாத்தில் ஆணையிடுவது முழுவதுமாகத் தடுக்கப்படவில்லை. யார் மேல் ஆணையிடலாம் என்பதில்தான் கண்டிப்பு. உங்கள் தந்தையர் மீது சத்தியம் செய்வதை அல்லாஹ் தடுக்கிறான். சத்தியம் செய்ய நேர்ந்தால் அல்லாஹ்வின் மீது செய்யட்டும், இல்லாவிட்டால் வாய் மூடி இருக்கட்டும் என்று நபிகள் நாயகம் கூறியது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு நபிமொழித் தொகுப்புகளிலும் பதிவாகியிருக்கிறது. அதனால் "அம்மா மேல சத்தியம்", "பிள்ளை மேல சத்தியம்" என்பவை ஒரு முஸ்லிமுக்கு அல்லாஹ்வின் மேல் இடும் ஆணையை விடப் பிரச்சினையானவை. கிறிஸ்தவ நண்பருக்கு இது தலைகீழாகத் தோன்றக்கூடும்; அவர் வீட்டில் கடவுளை இழுக்காமல் அம்மாவோடு நிறுத்திக்கொள்வதையே அடக்கம் என்று நினைப்பார்கள்.

குர்ஆன் ஆணைகளை மனநிலையைப் பார்த்துப் பிரிக்கிறது. பேச்சுவாக்கில் எண்ணமில்லாமல் வந்துவிடும் சத்தியத்துக்காக அல்லாஹ் பிடிக்க மாட்டான் என்று 2:225, 5:89 ஆகிய வசனங்கள் சொல்கின்றன. மனமறிந்து செய்த சத்தியத்தை முறித்தால் பரிகாரம் உண்டு: தம் குடும்பத்துக்குக் கொடுக்கும் நடுத்தர உணவைப் பத்து ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும், அல்லது அவர்களுக்கு உடை கொடுக்க வேண்டும், அல்லது ஓர் அடிமையை விடுவிக்க வேண்டும், இவற்றுக்கு வழியில்லாதவர் மூன்று நாள் நோன்பு நோற்க வேண்டும். நடந்து முடிந்த ஒன்றைப் பற்றித் தெரிந்தே பொய்ச்சத்தியம் செய்வது இன்னும் கடுமையானது; அது பெரும்பாவங்களில் ஒன்றாக நபிமொழியில் எண்ணப்பட்டிருக்கிறது. அதற்குப் பத்துப் பேருக்குச் சோறு போட்டுக் கணக்கை முடித்துக்கொள்ள முடியாது என்பதே சட்ட அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. 2:224 இன்னொரு வாசலையும் அடைக்கிறது: "சத்தியம் செய்துவிட்டேன், அதனால் தம்பியோடு பேச மாட்டேன்" என்பது போல நல்லது செய்யாமல் இருக்க அல்லாஹ்வின் பெயரைச் சாக்காக்கக் கூடாது. கடைத்தெருவில் இருப்பவர்களுக்குப் பொருந்தும் நபிமொழி ஒன்றும் உண்டு. சத்தியம் சரக்கை விற்றுத் தரும், பரக்கத்தை, அதாவது இறையருளால் வரும் வளத்தை, அழித்துவிடும். "சத்தியமா அசலுக்கே தர்றேன்" என்ற பேச்சைக் கேட்காமல் நாம் எந்தத் துணிக்கடையைக் கடந்திருக்கிறோம்?

இந்து மரபுக்கு வந்தால் நிலம் மாறுகிறது. இங்கே கடவுளைத் திட்டுவதே ஒரு பாட்டு வகை. திருவெண்ணெய்நல்லூரில் கிழவராக வந்து ஓலையைக் காட்டி "நீ எனக்கு அடிமை" என்று வழக்காடிய இறைவனைச் சுந்தரர் பித்தன் என்று ஏசினார். பாடு என்று கட்டளை வந்தபோது அந்த ஏச்சையே முதற்சொல்லாக எடுத்துக்கொள்ளச் சொன்னவர் இறைவன். "பித்தா பிறைசூடீ" என்ற பதிகம் அப்படித் தொடங்கியது. லேவியராகமத்தின் வழக்கறிஞருக்கு இது தலை சுற்றும் செய்தியாக இருக்கும். ஆனால் அதே சுந்தரரின் வாழ்க்கையில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது, அதையும் பெரியபுராணம்தான் சொல்கிறது.

திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும் முன் "உன்னைப் பிரிந்து போகேன்" என்று கோயில் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சுந்தரருக்கோ திருவாரூர் நினைப்பு. அதனால் தாம் சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனிடமே கேட்டுக்கொண்டார். இறைவன் ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்ட கையோடு சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழ் சத்தியம் வாங்கு என்றும் சொல்லிவிட்டார். வேறு வழியின்றி மகிழடியில் ஆணையிட்ட சுந்தரர், பின்னர் அதை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டிய இடத்தில் இரு கண்களும் இருண்டன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண் கிடைத்தது. வலக்கண்ணுக்காகத் திருவாரூரில் அவர் பாடியது கெஞ்சல் பாட்டு இல்லை. உமக்கே மீளா அடிமையான எங்களை இப்படி வைத்துவிட்டு "வாழ்ந்து போதீரே" என்று, நம் வீட்டுக் கிழவிகள் "நல்லா இருங்க சாமி" என்று வெறுத்துச் சொல்வது போன்ற குரலில், பாட்டுக்குப் பாட்டு முடிகிறது. அதற்கும் கண் கிடைத்தது. ஆக, ஏசியதற்கு இரண்டு முறையும் அருள். சத்தியத்தில் தந்திரம் செய்ததற்குத்தான் தண்டனை. இறைவனை மரத்தடிக்கு அனுப்பிவிட்டு வெறும் கருவறை முன் சத்தியம் செய்து தப்பிக்க நினைத்த அந்தச் சாமர்த்தியமும், ஆலயமா ஆலயத்துப் பொன்னா என்று எருசலேமில் தப்பிக்க நினைத்த சாமர்த்தியமும் ஒரே வகைதான். திருவொற்றியூரில் மாசிப் பெருவிழாவின்போது மகிழடி சேவை என்று இந்த நிகழ்ச்சியை இன்றும் நடத்துகிறார்கள்.

பெயரைச் சும்மா சொல்வது பற்றி வைணவ மரபின் நிலை இன்னும் தாராளமானது. பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன் சாகும் தறுவாயில் "நாராயணா" என்று கூப்பிட்டது தன் கடைசி மகனை. ஆனாலும் விஷ்ணு தூதர்கள் வந்து எமதூதர்களை விலக்கினார்கள். வேறொருவரைக் குறித்துச் சொன்னாலும், கேலியாகச் சொன்னாலும், பாட்டில் இசைநிரப்பாக வந்தாலும், அலட்சியமாகச் சொன்னாலும் கூட நாமம் பாவத்தைப் போக்கும் என்று அங்கே ஒரு சுலோகம் பட்டியலே போடுகிறது. பிள்ளைகளுக்குச் சாமி பெயரை வைப்பதற்கும், "அட ராமா", "முருகா முருகா" என்று சலித்துக்கொள்வதை யாரும் குற்றமாக எடுக்காததற்கும் பின்னால் இந்த மனப்பாங்கு இருக்கிறது. அதற்காக இங்கே வரம்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வங்காளத்தில் வேரூன்றிய கௌடிய வைணவர்களும் நாமசங்கீர்த்தன மரபினரும் பத்து நாமாபராதங்களை, அதாவது இறைவன் பெயருக்கு எதிரான குற்றங்களை, சொல்வார்கள். அடியார்களைப் பழிப்பது அதில் முதலாவது. நாமம் சொன்னால் பாவம் போய்விடும் என்ற தைரியத்தில் பாவம் செய்வதும் அதில் ஒன்று. பெயரைக் கவசமாகப் போட்டுக்கொண்டு தீமை செய்யாதே என்பதில் சீனாய் மலைக் கட்டளைக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவு.

அப்படியானால் "ஓ மை காட்" பாவமா? கிறிஸ்தவ ஆசிரியர்களில் கண்டிப்பானவர்கள் ஆம் என்பார்கள். மரியாதையின்றி, நினைவின்றி அந்தப் பெயரை உதிர்ப்பது பெயரின் மதிப்பைக் குறைக்கிறது என்ற அவர்களின் கவலை போலியானது இல்லை. என் கருத்து வேறு. விபத்தைப் பார்த்ததும் "கடவுளே" என்பது ஒரு சிறு வேண்டுதல். லுத்தரின் விளக்கப்படியே அது கட்டளையின் பக்கம் நிற்கிறது. கைபேசி புது மாதிரி வந்ததைப் பார்த்து "ஓ மை காட்" என்பது பழக்கம், அவ்வளவுதான். குறைத்துக்கொண்டால் நல்லது; பொய்ச்சாட்சியோடு அதை ஒரே தட்டில் வைப்பது அளவு தெரியாத வேலை.

கெட்ட வார்த்தை விஷயத்தில் நாம் ஆங்கிலக் கிறிஸ்தவப் புத்தகங்களை அப்படியே படிப்பதால் ஒரு குழப்பம் வருகிறது. ஐரோப்பியச் சமுதாயங்களில் வசைச்சொற்களில் ஒரு பெரும்பகுதி மதத்திலிருந்தே வந்தது. கனடாவின் கியூபெக்கில் பிரெஞ்சு பேசுவோரின் கடும் வசைகள் நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம் ஆகியவற்றின் பெயர்கள். இங்கிலாந்தில் நாடக மேடையில் கடவுள் பெயரைக் கேலியாகச் சொன்னால் 10 பவுண்டு தண்டம் என்று 1606இல் சட்டம் வந்தது. 1745ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே போய், திட்டும் கூலியாளுக்கு 1 ஷில்லிங், அதற்கு மேற்பட்ட சாதாரணருக்கு 2, கனவானுக்கு 5 என்று தகுதி பார்த்துத் தண்டம் விதித்தது. 1967 வரை அது சட்டப் புத்தகத்தில் இருந்தது. அங்கே வசையும் கடவுள் பெயரும் பின்னிக் கிடந்ததால் இரண்டையும் ஒரே கட்டளையில் அடக்கியது பொருத்தம்.

தமிழில் யாரும் சிவலிங்கத்தையோ சிலுவையையோ சொல்லித் திட்டுவதில்லை. நம் வசைகள் தாயை, உடலை, சாதியை, கைம்மையை, உடற்குறையைச் சொல்லித் தாக்குகின்றன. அவமதிக்கப்படுபவர் மனிதர். எனவே "கடவுள் பெயரைச் சொல்லவில்லையே, கட்டளையை மீறவில்லையே" என்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் நிம்மதி அடைய முடியாது. அவருக்குப் பொருந்தும் வாசகங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. சகோதரனை மூடன் என்று சொல்பவர் எரிநரகத்துக்கு ஏதுவாவார் என்ற மத்தேயு 5:22 ஒன்று. யாக்கோபு மூன்றாம் அதிகாரம் மற்றொன்று: தேவனைத் துதிக்கும் அதே நாவினால் தேவனுடைய சாயலில் உண்டாக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோம், "துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது. என் சகோதரரே, இப்படியிருக்கலாகாது." இந்த வாதத்தை ஏற்றால் சாதிப் பெயரைச் சொல்லி ஒருவரை இழிவுபடுத்துவதும் தெய்வநிந்தையின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஞாயிறு பள்ளிகளில் "ஓ மை காட்"டுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம். இறைநம்பிக்கையாளர் குத்திப் பேசுபவராகவோ, சபிப்பவராகவோ, ஆபாசம் பேசுபவராகவோ இருக்க மாட்டார் என்ற நபிமொழியும், பொய், கோள், கடுஞ்சொல், பயனற்ற பேச்சு ஆகிய நான்கையும் விலக்கச் சொல்லும் பௌத்த நல்வாய்மையும் இதே இடத்தைத்தான் தொடுகின்றன. படைப்புக் கடவுளை மையமாக வைக்காத பௌத்தத்தில் கடவுள் பெயர் என்ற கேள்விக்கு இடமில்லை. ஆனால் என்னையோ தம்மத்தையோ சங்கத்தையோ யாராவது இழித்துப் பேசினால் கோபம் கொள்ளாதீர்கள், கோபம் கொண்டால் அவர் சொன்னது சரியா தவறா என்று உங்களால் அறிய முடியாது என்று பிரம்மஜால சுத்தம் என்னும் பௌத்த நூற்பகுதியில் புத்தர் சொல்வதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பிறருடைய தெய்வத்தைப் பழிப்பது பற்றிக் கேள்வியில் இல்லை. இருந்தாலும் இன்றைய சூழலில் அதை விட்டுவிட முடியாது. அல்லாஹ்வை அன்றி அவர்கள் வணங்குபவற்றைத் திட்டாதீர்கள், அறியாமையால் அவர்கள் அல்லாஹ்வைத் திட்டுவார்கள் என்கிறது குர்ஆன் 6:108. எபேசு நகரக் கலவரத்தில் ஊர்த் தலைமை எழுத்தர் கூட்டத்தை அமர்த்தும்போது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்லர் என்று பவுலின் தோழர்களுக்குச் சான்று கொடுக்கிறார் (அப்போஸ்தலர் 19:37). விக்கிரக வணக்கத்தை வெளிப்படையாக மறுத்தவர்களுக்கு வேற்று மதத்து அதிகாரி ஒருவர் தந்த சான்று அது.

இனி, நடைமுறை. ஏற்கெனவே சத்தியம் செய்து மீறிவிட்டவர் என்ன செய்வது என்றால், முஸ்லிமுக்கு மேலே சொன்ன பரிகாரம் இருக்கிறது. கத்தோலிக்கருக்குக் குருவிடம் பாவ அறிக்கை செய்யும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. யூதர் மூன்று பேர் முன்னிலையில் தம் நேர்ச்சையிலிருந்து விடுதலை கேட்கலாம். ஆனால் அந்த விடுதலை தமக்கும் கடவுளுக்கும் இடையே உள்ள நேர்ச்சைக்கு மட்டும்தான், இன்னொருவருக்குக் கொடுத்த வாக்குக்குச் செல்லாது. தீமை செய்வதாக இட்ட ஆணையை மீறத்தான் வேண்டும் என்பதில் மரபுகள் பெரும்பாலும் ஒன்றுபடுகின்றன. விருந்தில் இட்ட ஆணைக்காக திருமுழுக்கு யோவானின் தலையை வெட்டக் கொடுத்த ஆட்சியாளன் ஏரோதை யாரும் சொல் தவறாதவன் என்று புகழ்ந்ததில்லை.

நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் ஏற நேர்ந்தால் மலைப்பொழிவை எழுத்துப்படி எடுத்துக்கொள்ளும் கிறிஸ்தவருக்கும் இந்தியச் சட்டம் இடம் தருகிறது. 1969ஆம் ஆண்டு ஆணைகள் சட்டத்தின்படி "கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்" என்றோ "உளமார உறுதி கூறுகிறேன்" என்றோ சொல்லலாம். அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களுக்கும் இதே இரண்டு வழிகள் உண்டு; தமிழகத்தில் "உளமார" என்று பதவி ஏற்ற முதலமைச்சர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். திரைப்படங்களில் வருவது போலக் கீதையின் மீதோ விவிலியத்தின் மீதோ குர்ஆனின் மீதோ கை வைக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் தரும் வாசகத்தில் இல்லை. எந்த வழியைத் தேர்ந்தாலும் பொய்ச்சாட்சிக்குரிய தண்டனை ஒன்றுதான்.